தொட்டியில் தென்படாத நைட்ரேட்: வணிகக் கட்டடங்களின் செப்டிக் கழிவுநீரை மதிப்பிடும் முறை

கேள்வியின் சாரம் இதுதான். பொதுச் சாக்கடை இணைப்பு இல்லாத 2 ஹெக்டேர் நிலத்தில் ஓர் அலுவலகக் கட்டடம் இருக்கிறது. 120 பேர் வேலை செய்கிறார்கள். கழிவுநீர் செப்டிக் டேங்க் வழியாக, அதை மண்ணுக்குள் இறங்கவிடும் உறிஞ்சு படுகைக்குப் போகிறது. தொட்டியின் வெளியேற்றத்தை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்ததில் நைட்ரேட் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கும் குறைவு என்று வந்திருக்கிறது. நிலத்தடி நீர் ஓடும் திசையில் 150 மீட்டர் தள்ளி அண்டை நிலத்தில் ஒரு குடிநீர்க் கிணறு உள்ளது. இந்த ஆய்வு முடிவை வைத்துக்கொண்டு நைட்ரேட் பாதிப்பு இல்லை என்று முடிவு கட்டலாமா, இல்லையென்றால் எப்படி மதிப்பிடுவது, பின்னர் ஒரு சிற்றுண்டிச்சாலை சேர்ந்தால் என்ன மாறும் என்பது கேள்வி.

முடிவு கட்டக் கூடாது. அந்த ஆய்வு முடிவு சரியானதாகவே இருக்கலாம். ஆனால் அது கேட்க வேண்டிய கேள்விக்கு விடையன்று. செப்டிக் டேங்குக்குள் ஆக்சிஜன் கிடையாது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் நைட்ரேட் உருவாகாது. குழாய் நீரோடு கொஞ்சம் வந்து சேர்ந்தாலும் அங்குள்ள நுண்ணுயிரிகள் அதை உடனே தின்று தீர்த்துவிடும். ஆகவே நன்றாக வேலை செய்யும் தொட்டியிலும், மோசமாக வேலை செய்யும் தொட்டியிலும், நிலத்தடி நீரைக் கெடுக்கப்போகும் தொட்டியிலும் நைட்ரேட் ஏறக்குறைய பூஜ்யமாகத்தான் இருக்கும். அங்கே நைட்ரஜன் இருப்பது வேறு உருவத்தில்: சிறுநீரிலுள்ள யூரியா சிதைந்து அம்மோனியமாகியிருக்கும், ஒரு பகுதி கரிமச் சேர்மங்களில் கட்டுண்டிருக்கும். தொட்டியைக் கடந்து, காற்றோட்டமுள்ள மண்ணில் இறங்கும்போதுதான் அந்த அம்மோனியம் நுண்ணுயிரிகளால் முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாறுகிறது. நைட்ரேட் பிறக்கும் இடம் தொட்டியன்று, அதற்கு அப்பாலுள்ள மண். எனவே தொட்டியின் வாயில் அளக்க வேண்டியது மொத்த நைட்ரஜன். அதாவது கரிம நைட்ரஜனும் அம்மோனியமும் சேர்ந்த ஜெல்டால் நைட்ரஜனோடு நைட்ரைட்டையும் நைட்ரேட்டையும் கூட்டிய தொகை. இந்த ஒரு குழப்பத்தால் ‘பாதிப்பு இல்லை’ என்று முத்திரை பெற்ற அறிக்கைகள் ஏராளம். உங்கள் அறிக்கை முதலாவதும் அல்ல, கடைசியாகவும் இருக்கப்போவதில்லை.

மேலே போவதற்கு முன் அலகு பற்றி ஒரு சொல். உலக சுகாதார அமைப்பின் குடிநீர் வழிகாட்டி நைட்ரேட்டுக்கு லிட்டருக்கு 50 மி.கி. என்கிறது, இந்தியத் தர நிர்ணயம் 45 என்கிறது, அமெரிக்க வரம்போ 10. மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவைத்தான் குறிக்கின்றன, ஏனெனில் முதல் இரண்டும் நைட்ரேட் அயனியின் முழு எடை, மூன்றாவது அதிலுள்ள நைட்ரஜனின் எடை மட்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகப் பெருக்கெண் 4.43. ஆய்வக அறிக்கையில் ‘நைட்ரேட் 12’ என்று மட்டும் இருந்தால் அது வரம்புக்கு வெகு கீழேயும் இருக்கலாம், வரம்பைத் தாண்டியும் இருக்கலாம். எந்த அலகு என்று ஆய்வகத்திடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இனி இந்தப் பதிலில் வரும் நைட்ரேட் அளவுகள் எல்லாம் நைட்ரஜனின் எடையில் சொல்லப்பட்டவை.

வீட்டுக் கழிவுநீருக்கும் வணிகக் கட்டடத்தின் கழிவுநீருக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. வீட்டில் குளியல், துணி துவைப்பு, பாத்திரம் கழுவுதல் ஆகியவற்றின் தண்ணீர் கழிவறைத் தண்ணீரோடு கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. அதனால்தான் வீட்டுத் தொட்டியின் வெளியேற்றத்தில் மொத்த நைட்ரஜன் பெரும்பாலும் லிட்டருக்கு 40 முதல் 100 மி.கி. வரை, பல கணக்கீடுகளில் 60 என்று காணப்படுகிறது. அலுவலகத்தில் யாரும் குளிப்பதில்லை, துணி துவைப்பதில்லை. அங்கே வருவது கழிவறையும் கைகழுவும் தொட்டியும்தான். நெடுஞ்சாலை ஓய்விடங்கள், எரிபொருள் நிலையங்கள், திரையரங்குகள், பள்ளிகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மனித உடல் வெளியேற்றும் நைட்ரஜனில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் சிறுநீரில் போகிறது. ஆகவே சிறுநீர் மிகுந்த இக்கழிவுநீரில் நைட்ரஜன் 100-ஐத் தாண்டுவது இயல்பு, ஓய்விடங்களில் 150, 200 என்று போவதும் உண்டு. தண்ணீரைச் சிக்கனப்படுத்தும் கழிவறைகளும் நீரில்லாச் சிறுநீர்க் கோப்பைகளும் பொருத்தினால் இந்தச் செறிவு இன்னும் ஏறும். அவற்றைக் குறை சொல்லவில்லை. தண்ணீர் மிச்சமாவது நல்லதே. ஆனால் அவை லிட்டரைக் குறைக்கின்றன, கிராமைக் குறைப்பதில்லை.

எனவே மதிப்பீட்டின் அச்சாணியாக நான் கொள்வது செறிவையோ ஓட்டத்தையோ அன்று, நாளொன்றுக்கு எத்தனை கிராம் நைட்ரஜன் மண்ணுக்குள் போகிறது என்பதை. இந்த எடை தெரிந்துவிட்டால் மற்றவற்றைச் சரிபார்க்க முடியும். வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு, உண்ணும் புரதத்தைப் பொறுத்து, சுமார் 10 முதல் 13 கிராம் நைட்ரஜனை வெளியேற்றுகிறார். பணியிடத்தில் கழியும் எட்டு, ஒன்பது மணி நேரத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்குவரை வந்து சேரும் என்று கொள்வது நியாயம். ஆளுக்கு 4.5 கிராம் என்று வைத்துக்கொண்டால் உங்கள் 120 பேருக்கு நாளொன்றுக்கு 540 கிராம். ஆளுக்கு 45 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றால் நாளின் ஓட்டம் 5,400 லிட்டர். செறிவு லிட்டருக்கு 100 மி.கி. ஆண்டுக்கு 250 வேலைநாள் என்றால் 135 கிலோகிராம் நைட்ரஜன், 1,350 கன மீட்டர் கழிவுநீர்.

இந்த மதிப்பீட்டை அளவீட்டோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டும். தண்ணீர் மீட்டரைக் காலையும் மாலையும் குறைந்தது இரண்டு வாரம் குறித்து வையுங்கள். தோட்டத்துக்குப் போகும் தண்ணீரைத் தனியே கழித்துவிடுங்கள். பிறகு தொட்டியின் வெளியேற்றத்தில் மாதிரி எடுங்கள். திங்கட்கிழமை காலையில் எடுத்த ஒரே ஒரு குப்பி வாரக் கடைசி முழுதும் தேங்கிக் கிடந்த நீரைத்தான் காட்டும். வார நடுவில், நாள் முழுதும் சிறுகச் சிறுக எடுத்துச் சேர்த்த கூட்டு மாதிரியாக, சில வாரங்கள் இடைவெளி விட்டு நான்கைந்து முறை எடுப்பது நல்லது. ஜெல்டால் நைட்ரஜன், அம்மோனியம், நைட்ரைட், நைட்ரேட் ஆகியவற்றோடு காரத்தன்மை (அமிலத்தை ஈடுகட்டும் திறன்), பி.எச்., வெப்பநிலை, பி.ஓ.டி. (கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்), மிதக்கும் திண்மங்கள், குளோரைடு ஆகியவற்றையும் கேளுங்கள். மாதிரிகளைப் பனிக்கட்டியில் வைத்து அனுப்ப வேண்டும்; அமிலம் சேர்க்காத நைட்ரேட் மாதிரியை 48 மணி நேரத்துக்குள் பகுப்பாய்ந்தாக வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. அளந்த செறிவை அளந்த ஓட்டத்தால் பெருக்கி வரும் கிராமும், தலைக்கணக்கில் வரும் கிராமும் கால் பங்கு வேறுபாட்டுக்குள் இருந்தால் நிம்மதி. வேறுபாடு இரட்டிப்பானால் எங்கோ பிழை இருக்கிறது: தொட்டிக்குள் மழைநீர் கசிகிறது, அல்லது கழிவுநீர் தொட்டியை விட்டுக் கசிந்து போகிறது, அல்லது சொல்லப்பட்ட ஆள் எண்ணிக்கை உண்மையன்று. தலைக்கணக்கில் பார்வையாளர்களை விட்டுவிடுவது அடிக்கடி நேர்கிற மறதி.

இங்கே ஒரு கண்ணியை அறிந்திருப்பது நல்லது. வடிவமைப்புக் கையேடுகள் தரும் ஓட்டம் உச்ச நாளுக்கானது. தொட்டி நிரம்பி வழியாமலிருக்க அது தேவை. அதே ஓட்டத்தை எடுத்து அளந்த செறிவால் பெருக்கினால் இல்லாத நைட்ரஜனை உண்டாக்கிவிடுவோம். மாறாக, உண்மையான ஓட்டத்தை வீட்டுக்குரிய 60 மி.கி. செறிவால் பெருக்கினால் இருக்கும் நைட்ரஜனை மறைத்துவிடுவோம். உங்கள் கட்டடத்துக்கு இரண்டாவது தவறு 135 கிலோவை 81 கிலோவாகச் சுருக்கிவிடும். இதன் விளைவைக் கீழே பார்ப்போம்.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் இந்த மதிப்பீட்டின் மிகச் சிக்கலான பகுதி. ஒரு மில்லிகிராம் அம்மோனிய நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற சுமார் 4.57 மில்லிகிராம் ஆக்சிஜனும், கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்ட 7.14 மில்லிகிராம் காரத்தன்மையும் செலவாகின்றன. ஆக்சிஜனை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், காரத்தன்மையை மறந்துவிடுகிறார்கள். வீட்டுக் கழிவுநீரில் அதற்குப் பெரும்பாலும் தட்டுப்பாடு வருவதில்லை என்பதால் வந்த பழக்கம் இது. உங்கள் கட்டடத்துக்குக் கணக்குப் போடுவோம். குழாய் நீரில் 150 மி.கி. காரத்தன்மை இருக்கிறது என்று கொள்வோம். யூரியா அம்மோனியமாகச் சிதையும்போது ஒவ்வொரு மில்லிகிராம் நைட்ரஜனுக்கும் 3.57 மி.கி. காரத்தன்மை பிறக்கிறது, 100 மி.கி. நைட்ரஜனுக்கு 357. இரண்டும் சேர்ந்து 507. முழுவதும் நைட்ரேட்டாகத் தேவையானது 714. ஆகவே ஏறக்குறைய 70 மி.கி. மாறிய பின் காரத்தன்மை தீர்ந்து, பி.எச். சரிந்து, நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிரிகள் வேலையை நிறுத்திக்கொள்ளும். மீதி 30 மி.கி. அம்மோனியமாகவே கீழே போகும். சுண்ணாம்பு கலந்த மண்ணாக இருந்தால் மண்ணே குறையை ஈடு செய்துவிடும். கருங்கல் சிதைந்து உண்டான மணலாக இருந்தால் ஈடு செய்யாது.

இதைக் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது. அம்மோனியம் களிமண் துகள்களில் ஒட்டிக்கொள்வதால் மெதுவாக நகரும், ஆனால் மறைந்து போவதில்லை. ஒட்டும் இடங்கள் நிரம்பியதும் அது நகரத் தொடங்கும், வழியில் ஆக்சிஜன் கிடைத்தால் அங்கே நைட்ரேட்டாகும். முறையான சுத்திகரிப்பு அமைப்பு வைக்கப்போகிறீர்கள் என்றால் இந்தக் கணக்கு இன்னும் முக்கியமாகிறது. வணிகக் கட்டடங்களில் நிறுவப்பட்ட அமைப்புகள் விளம்பரப் பட்டியலில் சொன்ன அளவுக்கு நைட்ரஜனை நீக்காமல் போவதற்குக் காரணம் பல நேரங்களில் இயந்திரக் கோளாறன்று, காரத்தன்மைப் பஞ்சம். சோடியம் பைகார்பனேட்டை அளவாகச் சேர்க்கும் சிறு ஏற்பாடு ஒன்றே அதைத் தீர்த்துவிடும். கழிவறை சுத்தம் செய்யப் பயன்படும் குவாட்டர்னரி அம்மோனியம் வகைக் கிருமிநாசினிகளும் இந்த நுண்ணுயிரிகளை முடக்கக்கூடியவை; துப்புரவுப் பணியாளர்கள் என்ன, எவ்வளவு ஊற்றுகிறார்கள் என்று விசாரிப்பதும் மதிப்பீட்டின் பகுதிதான். வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்கினாலும் வேலை வெகுவாக மந்தமாகும்.

நைட்ரேட் பிறந்த பின் அது மண்ணில் ஒட்டாது. எதிர்மின் அயனி என்பதால் மண் துகள்கள் அதைப் பிடித்து வைப்பதில்லை. தண்ணீர் போகும் வேகத்திலேயே போகும். அதை அழிக்கக்கூடியது ஆக்சிஜன் இல்லாத சூழலில் கரிமப் பொருளைத் தின்று நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றும் நுண்ணுயிரிகளே, பெரும்பாலும். காற்றோட்டமுள்ள தளர்ந்த மணலில் இது பூஜ்யத்தை ஒட்டியே நடக்கும். ஈரம் தேங்கும் களிமண்ணில் கணிசமாக நடக்கும். அளவீடு எதுவும் இல்லாதபோது பலர் 10 முதல் 25 விழுக்காடு வரை இழப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். நான் இங்கே 20 என்று வைத்துக்கொள்கிறேன், அரைமனத்தோடு.

இப்போது நிலம் முழுதுக்குமான கலப்புக் கணக்கு. ஹான்ட்ஷே, ஃபின்னிமோர் ஆகிய இருவரும் 1992-இல் வெளியிட்ட எளிய சமன்பாடு இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது: கழிவுநீரோடு வரும் நைட்ரஜனையும் மழைநீரோடு இறங்கும் நைட்ரஜனையும் கூட்டி, இரண்டின் மொத்த நீரளவால் வகுப்பது. 135 கிலோவில் 20 விழுக்காடு போக 108 கிலோ. மழையில் ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் நிலத்தடிக்கு இறங்குகிறது என்றால் 2 ஹெக்டேருக்கு 4,000 கன மீட்டர். அதில் இயற்கையாக லிட்டருக்கு 1 மி.கி. என்றால் 4 கிலோ. ஆக 112 கிலோவை 5,350 கன மீட்டரால் வகுக்க, லிட்டருக்குச் சுமார் 21 மி.கி. அமெரிக்க வரம்பான 10-ஐப் போல் இரு மடங்கு. வீட்டுச் செறிவை எடுத்திருந்தால் இதே கணக்கு 13 என்று முடிந்திருக்கும். மண்ணின் இழப்பைக் கொஞ்சம் தாராளமாகவும் மழையைக் கொஞ்சம் கூடுதலாகவும் எழுதினால் 10-க்குள் கொண்டுவந்துவிடலாம். அறிக்கை எழுதுபவர் பொய் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. செறிவு, ஓட்டம், மண்ணின் இழப்பு, மழையளவு ஆகிய நான்கு எண்களில் ஒவ்வொன்றிலும் நல்ல பக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆகவே அறிக்கையைப் படிக்கும்போது இறுதி விடையைப் பார்க்கும் முன், அந்த நான்கு எண்களும் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். மழையளவில் சராசரி ஆண்டோடு வறண்ட ஆண்டையும் கணக்கிட வேண்டும். கூரையும் வாகன நிறுத்தமும் நிலத்தை மூடியிருந்தால் அங்கே பெய்யும் மழை வடிகாலில் ஓடிவிடும். அந்தப் பரப்பை 2 ஹெக்டேரிலிருந்து கழிக்க வேண்டும். வணிகக் கட்டடங்களில் இது சிறிய பரப்பன்று. புல்வெளிக்கு உரம் போட்டால் அதில் கசியும் நைட்ரஜனையும் கூட்ட வேண்டும்.

இந்தக் கணக்கின் பெரிய குறை, கழிவுநீர் நிலம் முழுதும் சீராகப் பரவிக் கலக்கிறது என்று அது பாவித்துக்கொள்வது. உண்மையில் அப்படி நடப்பதில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்து மணற்பாங்கான நிலத்தில் இரண்டு வீடுகளின் செப்டிக் அமைப்புகளை நுணுக்கமாக ஆராய்ந்து 1991-இல் வெளியான முடிவுகள் இதைத் தெளிவாகக் காட்டின. கேம்பிரிட்ஜ் என்ற ஊரில் இருந்த மாசுத் தாரை, அதாவது நிலத்தடி நீரோடு நீண்டு செல்லும் கழிவுநீர்ப் பட்டை, 130 மீட்டருக்கும் மேல் நீண்டிருந்தது. பக்கவாட்டில் பரவவே இல்லை, விளிம்பு கத்தியால் அரிந்ததுபோல் இருந்தது. மஸ்கோகாவில் இருந்த மற்றொன்றில் நைட்ரேட் ஆற்றை நோக்கி வந்து, கரிமம் நிறைந்த ஆற்றுப் படிவில் கடைசி இரண்டு மீட்டருக்குள் ஏறக்குறைய முற்றிலும் அழிந்துபோனது. ஒரே வகை அமைப்பு, இரண்டு வேறு முடிவுகள். வேறுபாடு, தாரை போய்ச் சேர்ந்த மண்ணில்.

எனவே தாரைக்கான கணக்கைத் தனியே போட வேண்டும். உங்கள் நிலத்தில் மண்ணின் நீர் கடத்துதிறன் நாளுக்கு 10 மீட்டர், நீர்மட்டச் சரிவு ஆயிரத்துக்கு 5, நீர் ஓடும் துளையளவு 25 விழுக்காடு என்று கொண்டால் நிலத்தடி நீர் நாளுக்கு 20 சென்டிமீட்டர், ஆண்டுக்கு 73 மீட்டர் நகரும். நீரோட்டத்துக்குக் குறுக்கே படுகையின் அகலம் 40 மீட்டர், கலக்கும் ஆழம் 3 மீட்டர் என்றால் படுகைக்கு அடியில் ஆண்டுக்கு 2,190 கன மீட்டர் நீர் கடந்து போகும். 108 கிலோவும் அந்த நீரில் உள்ள 2 கிலோவும் சேர்ந்து, கழிவுநீரோடு கூடிய 3,540 கன மீட்டரில் கலந்தால் லிட்டருக்கு 31 மி.கி. நிலத்துச் சராசரி 21 என்று சொன்ன அதே இடத்தில் தாரையின் உள்ளே 31. அண்டைக் கிணற்றுக்கு இது வந்து சேர ஏறக்குறைய இரண்டு ஆண்டு. கிணறு பல ஆழங்களிலிருந்தும் பக்கங்களிலிருந்தும் நீரை இழுப்பதால் அதில் 31 தெரியாமல் போகலாம். அதை நம்பி இருக்கவும் முடியாது, ஏனெனில் இறைப்பு குறைந்தால் கலப்பும் மாறும்.

இதே கணக்கு செலவு அதிகமில்லாத ஒரு வழியையும் காட்டுகிறது. படுகையைத் திருப்பி அதன் நீண்ட பக்கம் நீரோட்டத்துக்குக் குறுக்கே 80 மீட்டர் வருமாறு அமைத்தால் அடியில் கடக்கும் நீர் இரட்டிப்பாகி, தாரையின் செறிவு 20-க்கு இறங்கிவிடும். படுகையின் பரப்பு மாறவில்லை, திசை மட்டுமே மாறியது. இருந்தும் நீரோட்டத்தின் திசையை அறியாமலே படுகை வெட்டப்படுகிறது, நிலத்தின் மேற்பரப்புச் சரிவை வைத்து ஊகிக்கப்படுகிறது. மேற்பரப்பு ஒரு பக்கம் சரிய, நிலத்தடி நீர் வேறு பக்கம் ஓடுவது அரிதன்று. முக்கோணமாக மூன்று கண்காணிப்புக் கிணறுகள் வெட்டி, அவற்றின் வாயின் உயரத்தைத் துல்லியமாக அளந்து, நீர்மட்டத்தைப் பருவந்தோறும் குறித்தால்தான் திசை தெரியும்.

கண்காணிப்புக் கிணறுகளில் குறைந்தது ஒன்று படுகைக்கு மேற்புறம், அதாவது நீர் வரும் பக்கம், இருக்க வேண்டும். அக்கம்பக்கத்து விவசாய உரத்தின் நைட்ரேட் ஏற்கெனவே எவ்வளவு வருகிறது என்று தெரியாமல் கீழ்ப்புற அளவைப் பற்றிப் பேச முடியாது. கீழ்ப்புறத்தில் இரண்டோ மூன்றோ. அவற்றின் சல்லடைக் குழாய் நீளமாக இருந்தால் சுத்தமான நீரும் தாரை நீரும் கிணற்றுக்குள்ளேயே கலந்து, குறைவான அளவைக் காட்டும். ஒன்றரை மீட்டர் நீளச் சல்லடையே போதும். தூரம் போகப்போக மேலிருந்து இறங்கும் மழைநீர் தாரையைக் கீழே அழுத்தும் என்பதால் தொலைவிலுள்ள கிணற்றில் சற்று ஆழமாகப் பார்க்க வேண்டும்.

கீழ்ப்புறக் கிணற்றில் நைட்ரேட் குறைவாக இருந்தால் அதற்கு மூன்று விளக்கங்கள் உண்டு. அவற்றைப் பிரித்துக் காட்டுவது குளோரைடு. குளோரைடு எதனாலும் அழியாது. குளோரைடு உயர்ந்து நைட்ரேட் மட்டும் குறைந்திருந்தால் மண் உண்மையிலேயே நைட்ரேட்டை அழிக்கிறது. இரண்டுமே குறைவாக இருந்தால் நீங்கள் தாரையைத் தவறவிட்டிருக்கிறீர்கள், அல்லது அது இன்னும் வந்து சேரவில்லை. குளோரைடும் அம்மோனியமும் உயர்ந்து நைட்ரேட் இல்லாமலிருந்தால் படுகைக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே காற்றோட்டமுள்ள மண் போதவில்லை. படுகை நீரில் மூழ்கிக் கிடக்கிறது என்று பொருள். இந்த மூன்றாவது நிலையில் நைட்ரேட்டைவிட நோய்க்கிருமிகள்தான் உடனடிக் கவலை. கடினநீரை மென்மையாக்கும் கருவி கட்டடத்தில் இருந்தால் அதன் உப்பு இந்தக் கணக்கைக் குழப்பும். அப்போது சுக்ரலோஸ், அசிசல்பேம் போன்ற செயற்கை இனிப்பூட்டிகளைத் தேடலாம். அவை மனிதக் கழிவுநீர் வழியே நிலத்துக்கு வருபவை. வயலுக்குப் போடும் உரத்தில் அவை இருப்பதில்லை. நைட்ரஜன்-15 ஐசோடோப்பு ஆய்வு வேதியுரத்தையும் கழிவையும் பிரித்துக் காட்டும். ஆனால் மாட்டெருவையும் மனிதக் கழிவையும் பிரித்துக் காட்டாது. கால்நடைத் தொழுவம் பக்கத்தில் இருந்தால் அதற்குச் செலவிடுவது வீண்.

தீர்வுக்கு வருவோம். தாரையில் 10 மி.கி. என்ற இலக்குக்கு, முதலில் சொன்ன 40 மீட்டர் அகலத்தில், ஆண்டுக்கு 33 கிலோ மட்டுமே அனுமதிக்கலாம். அதாவது 135 கிலோவில் முக்கால் பங்கை நீக்க வேண்டும்; படுகைக்குப் போகும் நீரில் மொத்த நைட்ரஜன் லிட்டருக்கு 25 மி.கி. அளவில் இருக்க வேண்டும். இங்கே மண்ணின் 20 விழுக்காட்டு இழப்பை நான் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. சுத்திகரிக்கப்பட்ட நீரில் கரிமம் மிச்சமிருக்காது. கரிமம் இல்லாமல் மண்ணில் நைட்ரேட் அழியாது. சுத்திகரிப்பின் பலனையும் மண்ணின் பலனையும் ஒருசேரக் கணக்கில் எழுதுவது ஒரே பணத்தை இரண்டு கணக்கில் வரவு வைப்பது போன்றது. மணலோ வேறு நிரப்புப் பொருளோ கொண்ட வடிகட்டியில் நீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடும் அமைப்பு பொதுவாகப் பாதியளவு நைட்ரஜனை நீக்கும். 100 ஐம்பதாகும், 25 ஆகாது. அதற்குப் பின்னே மரச்சீவல் நிரப்பிய, காற்றுப்படாத படுகை ஒன்றைச் சேர்த்தால் சீவலின் கரிமத்தைக் கொண்டு மீதி நைட்ரேட் அழியும். நைட்ரேட் முழுமையாக உருவான பின்தான் இந்தப் படுகைக்கு வேலை. அம்மோனியம் அதை அப்படியே கடந்து போய்விடும். மீண்டும் காரத்தன்மையிடம்தான் வந்து நிற்கிறோம். வாரத்தில் ஐந்து நாள் மட்டும் ஓட்டமுள்ள அலுவலகத்துக்குச் சமன்படுத்தும் தொட்டி ஒன்று இருந்தால் ஐந்து நாள் நீரை ஏழு நாளுக்குப் பங்கிட்டு நுண்ணுயிரிகளைப் பட்டினி போடாமல் வைத்திருக்கலாம்.

குடிநீர் வரம்பான 10-ஐ இலக்காக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அங்கே அடுத்த கட்டடத்துக்கோ, வறண்ட ஆண்டுக்கோ இடமில்லை. அமெரிக்காவின் கேப் காட் பகுதியில் திட்டமிடலுக்கு 5 மி.கி. என்ற அளவை வைத்திருப்பதற்குப் பின்னாலும் இந்த எச்சரிக்கை உணர்வு இருக்கிறது. நிலத்தடி நீர் கழிமுகத்தையோ உப்பங்கழியையோ சென்று சேருமானால் 5 கூட மிக அதிகம். அங்கே பாசி பெருகுவதற்கு 1 மி.கி.க்கும் குறைவான நைட்ரஜன் போதும்.

சிற்றுண்டிச்சாலை வந்தால் மாறப்போவது நைட்ரஜனைவிட மற்றவை. எண்ணெய்ப் பிசுக்கும் பி.ஓ.டி.யும் பல மடங்கு ஏறும். படுகையின் மண்துளைகள் அடைபடும். இருக்கும் ஆக்சிஜனை அவை முதலில் விழுங்கிவிடுவதால் நைட்ரேட்டாதல் பின்தங்கும். சமையலறைக் கழிவுநீரைத் தனி எண்ணெய்ப் பொறி வழியாகக் கொண்டுவந்து, சுத்திகரிப்புக்கு முன் சேர்க்க வேண்டும். அதிலுள்ள கரிமம் நைட்ரேட்டை அழிக்க உதவும் என்பது உண்மை. ஆனால் அமைப்பை அதற்கென வடிவமைத்தால்தான் உதவும்.

உடனே செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. அண்டை நிலத்துக்காரரின் அனுமதியோடு அவருடைய கிணற்று நீரை இப்போதே ஆய்வுக்கு அனுப்புங்கள். தாரை இன்னும் சேரவில்லை என்றால் அது பிற்காலத்துக்கான அடிப்படை அளவு. சேர்ந்துவிட்டது என்றால் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். நைட்ரேட் மிகுந்த கிணற்று நீரில் பால்மாவு கரைத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளின் உடல் நீலம் பாரிப்பதை அமெரிக்காவின் அயோவாவில் மருத்துவர் ஹண்டர் காம்லி 1945-இல் பதிவு செய்தார். இன்றைய வரம்புகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்தால், முடிவு வரும்வரை வேறு நீரைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். கொதிக்க வைத்துக் கொடுக்கிறோம் என்பார்கள். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, நீர் வற்றுவதால் கூடத்தான் செய்யும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.